குளிக்கப் போன பிள்ளை

அத்தியாயம் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை காலை நானாட்டான் சந்தைக்குள் பரமேஸ்வரி கால் வைத்ததுதான் தாமதம், கீரிக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற மேரி ரோஸ் பாதி வெட்டிய பாரையை அப்படியே விட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"தவமலர் அக்கா, வாங்கோ! இண்டைக்கு என்ன கூத்து?"

"ஆறரைக்கு ரீவியைப் போட்டுப் பாருங்கோவன். இப்பவே சொன்னால் பிறகென்ன கிடக்கு?"

பரமேஸ்வரிக்குப் பெயர் மாறி ஐந்து மாதமாகிறது. அவளுடைய மகள் வேணுஜா எழுதுகிற 'வாங்கோ, இருங்கோ' என்ற நகைச்சுவைத் தொடர் ஞாயிறு தோறும் மாலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்துத் தொலைக்காட்சி ஒன்றில் வருவதும், அதில் வருகிற வாயாடித் தவமலர் பரமேஸ்வரியை உரித்து வைத்திருப்பதும் இந்தத் தொடர்கதையை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள்தான்.

முதல் இரண்டு வாரமும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்றாம் வாரம் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றபோது, உள்ளே இருந்த உத்தியோகத்தர் ஒருவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, "இருங்கோ தவமலர் அக்கா" என்று கதிரை போட்டார். அதோடு கோபம் போன இடம் தெரியவில்லை. இப்போது சந்தையில் யாராவது தவமலர் என்று கூப்பிடாவிட்டால்தான் அவளுக்கு முகம் கோணும்.

பெருமை இல்லாமல் எப்படி இருக்கும்? இந்தியாவிலிருந்து வந்த புதிதில், "சொல்லுங்க, என்னங்க" என்று கதைத்ததற்காக வகுப்பே சிரித்த பிள்ளை வேணுஜா. வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு அழுத பிள்ளை. இன்று அதே பிள்ளை எழுதுகிற பேச்சைக் கேட்டு வடக்கு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

"அப்ப இண்டைக்கும் தவமலர் அருளம்பலத்தை ஏசுவாவோ?" என்று கேட்டாள் மேரி ரோஸ்.

"இண்டைக்குத் தவமலருக்கு வேலை குறைவு. அருளம்பலத்தின்ர கதை."

சொன்னதும் பரமேஸ்வரி பேச்சை மாற்றிப் பாரையின் விலையைக் கேட்டாள். அருளம்பலம் என்பது தொடரில் தவமலரின் கணவன். நிஜத்தில் அவர் சுபாஸ்கரன். இன்றைய கதையும் சுபாஸ்கரனுடையதுதான். அந்தச் சங்கதி அவருக்கு மட்டும் தெரியாது.

போன கிழமை நாம் விட்ட இடம் அதுதான். மூன்று நாளாக எழுத ஒன்றும் வராமல் வெறும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த மகளின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், வெங்காயம் உரித்துக்கொண்டே பரமேஸ்வரி அவிழ்த்துவிட்ட கதை அது.

சுபாஸ்கரன் குடும்பம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபத்தாறு வருடம் இருந்தது. அங்கே மாதத்தில் ஒரு நாள் செக்கிங் நடக்கும். அதிகாரி வந்து பெயர் வாசிப்பார், குடும்பமே வரிசையில் நிற்கவேண்டும். ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். ஆகவே கூலி வேலைக்குப் போன பிள்ளைக்காகத் தகப்பனோ, பக்கத்து வீட்டுக்காரரோ, "இருக்கிறான் ஐயா, குளிக்கப் போயிருக்கிறான்" என்று சொல்லிவிடுவது முகாமில் எல்லாருக்கும் பழகிப்போன வித்தை.

இலங்கைக்குத் திரும்பிய பட்டியலில் நாலு பெயர் இருந்தது. புறப்படுகிற அன்று காலையில் மூத்தவன் யசோதரன் நான் வரவில்லை என்றுவிட்டான். முகாமில் அடுத்த வரிசை வீட்டுச் சுகந்தினி அதற்குக் காரணம். "இனி எனக்கு மகன் எண்டு ஒருத்தன் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சுபாஸ்கரன் விமானம் ஏறினார். இது நடந்து ஒன்பது வருடம். அன்றிலிருந்து அந்தப் பெயர் வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்பட்டதில்லை. அவர் வயலில் இருக்கிற நேரம் பார்த்துத் தாயும் தங்கையும் அவனோடு கதைப்பார்கள், அவ்வளவுதான்.

நானாட்டானுக்கு வந்த முதற் கிழமையே கிராம அலுவலரான விதானையார் கோப்போடு வந்தார். பெயர் வாசித்தார். முதல் பெயருக்கே சுபாஸ்கரன் கதிரையை விட்டு எழும்பி விறைப்பாக நின்றார். மனைவியையும் மகளையும் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார். விதானையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்ததாக, "யசோதரன்?" என்றார்.

பரமேஸ்வரி வாய் திறக்க முதல் சுபாஸ்கரன் சொன்னார்: "குளிக்கப் போட்டான் ஐயா."

மகன் இல்லை என்று சொன்ன அதே வாய்.

விதானையார் இருக்கிறான் என்று பதிந்துகொண்டு போனார். பிறகு வாக்காளர் படிவம் வந்தது, இளைஞர் பயிற்சிக்குக் கடிதம் வந்தது, டெங்கு ஒழிக்கத் துப்புரவுச் சிரமதானத்துக்கு ஆள் கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் சுபாஸ்கரனுக்கு வேறு பதில் வரவில்லை. இரண்டாம் வருடம் விதானையார், "என்ன அண்ணை, பிள்ளை குளிச்சுக் குளிச்சு ஊறிப்போகப் போறான்" என்றார். மூன்றாம் வருடம் ஒரு சவர்க்காரக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசியில் அவர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார். இல்லாதவரின் பெயரை வெட்டவேண்டும், இதில் ஒரு கையெழுத்து வையுங்கள் என்றார். சுபாஸ்கரன் பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இதைக் கேட்டு வேணுஜா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்பாட்டைக் கேட்டனீங்களோ? கேக்காம எழுதமாட்டன்."

"கேட்டனான். ஓமெண்டவர்" என்றாள் பரமேஸ்வரி.

அவள் கேட்கவேயில்லை.

மீனோடு வீட்டுக்கு வந்தபோது வேணுஜா குசினி வாசலில் நின்று கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் யாழ்ப்பாணத்தில் தொடரை வெட்டி ஒட்டித் தயார்செய்கிற ஜெயகாந்த். அவன் சத்தம் வெளியே கேட்டது.

"தங்கச்சி, பதினெட்டு இடத்திலை சிரிப்புச் சத்தம் போட்டிருக்கிறன். சோக்கா வந்திருக்கு."

"பதினேழு காணும் அண்ணா. கடைசியை எடுங்கோ."

"கடைசியிலைதானே அந்தப் பகிடி திரும்ப வருது? அங்கை சத்தம் இல்லாட்டிச் சனம் தங்கட ரீவி பழுதாப்போச்செண்டு நினைக்கும்."

"நினைக்கட்டும்."

"பகிடி நாடகத்துக்குச் சிரிப்பு எங்கையெண்டு மேலை இருக்கிறவை என்னைத்தானே கேப்பினம்?"

வேணுஜா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணா, பதினேழு தரம் அந்த மனிசனைப் பாத்துச் சிரிக்க வைச்சிருக்கிறன். தெரிஞ்சுதான் செய்தனான். அவ்வளவு சிரிச்ச பிறகுதான் அந்த மனிசன் ஆரெண்டு சனத்துக்கு விளங்கும். அந்த இடத்திலையும் மிசின் சிரிச்சுதெண்டால், நான் அந்த மனிசனைச் சந்தியிலை நிப்பாட்டினதாப் போகும்."

"பாப்பம்" என்றான் ஜெயகாந்த். தொடர்பு அறுந்தது.

'அந்த மனிசன்' முற்றத்தில் வேட்டியோடு நின்று தன் சேட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் சுபாஸ்கரன் இப்படித்தான். ஆறு மணிக்கு முகம் கழுவி, அயன் பண்ணிய சேட்டைப் போட்டு, கலியாண வீட்டுக்குப் போகிறவர் போலத் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து இருப்பார். தொடங்கும்போது 'எழுத்து: வேணுஜா சுபாஸ்கரன்' என்று வரும். அந்த நேரத்தில் வெறும் மேலோடு இருக்கக்கூடாதாம். எழுத்து மறையும்வரை வாய்க்குள் வாசிப்பார். வாய்விட்டுச் சிரித்ததை யாரும் கண்டதில்லை. ஆனால் ஐந்து மாதத்தில் ஒரு கிழமை தவறவிட்டதில்லை.

"இண்டைக்கு என்ன கதை பிள்ளை?" என்று கேட்டார்.

வேணுஜா தாயைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்தானே அப்பா" என்று சொல்ல வாய் எடுத்தாள்.

"கதையைச் சொன்னால் பாக்கிறதிலை என்ன இருக்கு? நீ போய்க் குளி" என்று பரமேஸ்வரி இடையில் புகுந்து மகளைத் துரத்தினாள். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே திக்கென்றது. சுபாஸ்கரன் கவனிக்கவில்லை, சேட்டின் கழுத்துப் பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முழுவதும் பரமேஸ்வரி யோசித்தாள். இனிக் கேட்டுப் பயனில்லை. சொல்லவும் வாய் வராது. அவருடைய கண்ணில் படாமல் இந்த ஒரு கிழமையைக் கடத்திவிட்டால் போதும். ஊர் சிரித்தாலும் அது உண்மையாக நடந்ததென்று ஊருக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும். அவர் பார்த்தால், தன் வீட்டுக்காரியே தன்னை விற்றுவிட்டாள் என்று நினைப்பார். இந்த மனிதரைத் தலைகுனிய வைத்துவிட்டு எந்தச் சந்தைக்குள் நிமிர்ந்து நடப்பது?

கமக்காரனை வீட்டிலிருந்து கிளப்ப ஒரே ஒரு பொய்தான் உண்டு. நாலரை மணிக்கு அவள் அதைச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, தண்ணி முறை மாறிப்போச்சாம். எங்கட வயலுக்கு இண்டைக்கு ஆறு மணிக்காம். ஆள் வந்து சொல்லிப்போட்டுப் போகுது."

"நாளைக்கு விடியவெல்லோ எங்கட முறை?"

"மாத்திப்போட்டினமாம். நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டு நிண்டால் மற்றவன் தன்ர பக்கம் திருப்பிப்போடுவான்."

மழையில்லாத சிறுபோகத்தில் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் என்றால் சும்மாவா? சுபாஸ்கரன் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் அலுமாரிக் கதவில் தொங்கிய சேட்டை எடுத்து, ஒருமுறை தடவி, மடித்து உள்ளே வைத்தார்.

"பிள்ளையின்ர நாடகத்தைப் பிறகு போனிலை பாக்கலாமோ?"

"ஓம், ஓம். பாக்கலாம்."

மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் மோட்டார் சைக்கிளில் போனார். மடித்து வைத்த அந்தச் சேட்டுப் பரமேஸ்வரியைக் குத்தியது.

ஆறு இருபதுக்கு வேணுஜா கேட்டாள்: "அப்பா எங்கை?"

"வயலுக்கு."

"இந்த நேரத்திலையோ? ஆறரைக்குத் தொடங்குதெல்லோ? எங்கட முறை நாளைக்கல்லோ?"

பரமேஸ்வரி கோப்பையைக் கழுவினாள். கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள். வேணுஜா கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா. நீங்கள் அப்பாட்டைக் கேக்கேல்லை."

"கேக்கத்தான் நினைச்சனான்..."

"கேக்கேல்லை."

"இல்லை."

"அண்டைக்கு நான் உங்களிட்டை இரண்டு தரம் கேட்டனான்!"

"நீ மூண்டு நாளா வெறுங்கொப்பியைப் பாத்துக்கொண்டிருந்தாய். என்ர கண் முன்னாலை. நான் என்னடி செய்ய?" பரமேஸ்வரியின் குரல் உடைந்தது. "எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. நான் சொன்ன கதை, என்ர பிள்ளை எழுதினது எண்டு. பெருமை கண்ணை மறைச்சுப்போட்டுது."

வேணுஜாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அவளுக்கும் அந்தப் பெருமை தெரியும். அது இருந்ததால்தானே அவளும் மூன்றாம் தரம் கேட்காமல் எழுதினாள்?

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பீற்றர் ஓட்டோவோடு வந்து இறங்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, அண்ணை நல்ல வேலை பாத்தவர். தண்ணி முறையெண்டு வந்து நிண்டவராம். வாய்க்காலிலை தண்ணியும் இல்லை, ஒண்டும் இல்லை. விசாரிக்கக் கமக்காரர் அமைப்பின்ர மண்டபத்துக்குப் போயிருக்கிறார். அங்கை கூட்டம் முடிஞ்சு எல்லாரும் 'வாங்கோ, இருங்கோ' பாக்கவெண்டு குந்தியிருக்கினம். எழுதின பிள்ளையின்ர தகப்பன் எண்டு அண்ணையை முன்வரிசையிலை கதிரை போட்டு இருத்தியிருக்கினம்!"

பரமேஸ்வரி பிடித்திருந்த கோப்பை தரையில் விழுந்தது.

"ஓட்டோவை எடுங்கோ பீற்றர்" என்றாள் வேணுஜா.

வீட்டில் தனியாகப் பார்த்திருக்க வேண்டிய மனிதரை, நாற்பது பேருக்கு நடுவில் கொண்டுபோய் இருத்தியது யார்? வழி முழுவதும் பரமேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டே வந்தாள். வேணுஜா ஜெயகாந்துக்கு நாலு தரம் அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. கடைசிச் சிரிப்பை எடுத்தானா விட்டானா என்பது அவளுக்கும் தெரியாது.

மண்டபத்து வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது முக்கால்வாசி முடிந்துவிட்டது. உள்ளே கூரை பறக்கச் சிரிப்பு. கடந்த தேர்தலில் யாரோ கொடுத்த பெரிய தொலைக்காட்சிக்குள் அருளம்பலம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

"மகன் எங்கை?" என்று திரையில் விதானையார் கேட்டார்.

மண்டபத்தில் இருந்த நாற்பது பேரும் ஒரே குரலில் முந்திக்கொண்டார்கள்: "குளிக்கப் போட்டான்!"

ஒருவர் துடையில் அடித்துச் சிரித்தார். இன்னொருவருக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்டினார். முன்வரிசையில் சுபாஸ்கரன் அசையாமல் இருந்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்த பரமேஸ்வரிக்கு அவருடைய கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அவள் வாசலிலேயே நின்றாள். மகளின் கையைப் பிடித்தாள்.

திரையில் விதானையார் பையிலிருந்து சவர்க்காரக் கட்டியை எடுத்து நீட்டினார். மண்டபம் இன்னொரு தரம் குலுங்கியது. சுபாஸ்கரனின் தோளும் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா?

அவர் பக்கத்தில் இருந்த அமைப்புத் தலைவர் இரத்தினத்தின் பக்கம் திரும்பினார். உரத்துத்தான் சொன்னார்.

"அது சந்தனச் சவர்க்காரம். இவையள் ரோஸ் நிறத்திலை காட்டுகினம்."

இரத்தினம் வாயைப் பிளந்தார். "அப்ப இது உம்மட வீட்டிலை நடந்ததோ?"

"பாருங்கோ, பாருங்கோ. பிறகு கதைப்பம்."

பரமேஸ்வரிக்கு மூச்சு வந்தது. அவர் சிரித்தார்! ஐந்து மாதமாக வீட்டில் சிரிக்காத மனிதர் ஊருக்கு நடுவில் சிரித்தார். ஆனால் மூச்சு வந்த வேகத்திலேயே நின்றது. சவர்க்காரத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையெழுத்து வரப்போகிறது.

முடிவை எப்படி எழுதியிருக்கிறாய் என்று அவள் மகளிடம் கேட்டதில்லை. நடந்ததுதானே, நடந்தபடி இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

திரையில் புதிய விதானையாராக ஒரு இளம் பெண் வந்தாள். கதிரையில் இருந்து கோப்பைத் திறந்தாள். மரியாதையான பிள்ளை. கேலி கிண்டல் ஒன்றும் இல்லை. "ஐயா, மகன் இந்தியாவிலைதான் எண்டு எங்களுக்குத் தெரியும். இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ, பேரை வெட்டிவிடுறன். உங்களுக்கும் கரைச்சல் இல்லை" என்றாள்.

அருளம்பலம் பேனாவை வாங்கினான். படிவத்தைப் பார்த்தான். தவமலர் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து மாதத்தில் முதற்தடவையாகத் தவமலருக்குச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை.

மண்டபத்தில் சிரிப்பு அடங்கிக்கொண்டு வந்தது. யாரோ ஒருவர் மட்டும் பழக்கத்தில் இன்னும் கெக்கட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

அருளம்பலம் பேனாவை மேசையில் வைத்தான்.

"வெட்டாதேங்கோ பிள்ளை" என்றான். "அவன் குளிக்கப் போட்டான்."

பின்னால் சிரிப்புச் சத்தம் வரவில்லை. தொலைக்காட்சியிலும் வரவில்லை, மண்டபத்திலும் வரவில்லை. கெக்கட்டம் விட்ட மனிதர் வாயை மூடிக்கொண்டு கீழே பார்த்தார். திரையில் அந்தப் பெண் கோப்பை மூடினாள். வெளியே வந்து செருப்பைப் போட்டாள். கிணற்றடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் படலையைச் சாத்தினாள். அவ்வளவுதான் முடிவு.

ஜெயகாந்த் அந்தக் கடைசிச் சிரிப்பை எடுத்துவிட்டான். வேணுஜா கண்ணை மூடிக்கொண்டாள். இனி அவளுக்கு வேறு எந்த விருதும் தேவையில்லை.

நாற்பது கமக்காரர்கள் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தவர்கள். மீதிப் பேருக்கும் வீட்டுப் பட்டியலில் இல்லாத பெயர் என்று ஒன்றாவது இருந்தது. இரத்தினம் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

சுபாஸ்கரன் எழும்பினார். மெல்லத் திரும்பினார். வாசலில் நின்ற இருவரையும் கண்டார்.

பரமேஸ்வரி தலையைக் குனிந்தாள்.

"தலைவர் கேட்டவர், இது என்ர வீட்டுக் கதையோ எண்டு" என்றார் சுபாஸ்கரன். அவர் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. தண்ணீர்ப் பிரச்சினைக்கே எழும்பிப் பேசாதவர். "ஓம். என்ர கதைதான். அந்த விசரன் நான்தான். எழுதினது என்ர பிள்ளை. அந்தா வாசலிலை நிக்கிறாள், வடிவாப் பாருங்கோ."

நாற்பது தலையும் திரும்பின. யாரோ கைதட்டத் தொடங்க, மண்டபம் முழுக்கக் கைதட்டியது. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "பிள்ளை, சிரிக்க வைச்சு வைச்சுக் கடைசியிலை எங்களைப் பேசாமல் இருத்திப்போட்டாயே" என்றார். வேணுஜா கும்பிட்டாள். நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது. பரமேஸ்வரி தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள், எல்லாரும் பார்க்கட்டும் என்றே துடைத்தாள்.

வெளியே வாய்க்கால் கரையில் மோட்டார் சைக்கிள் நின்றது. சுபாஸ்கரன் மண்வெட்டியைக் கட்டினார். கட்டிக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

"தண்ணி முறை எண்டனீ?"

"பிழைதான்" என்றாள் பரமேஸ்வரி. "கேக்காமச் சொன்னதும் பிழை, பொய் சொல்லி அனுப்பினதும் பிழை. என்னைப் பேசுங்கோ. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

"சேட்டையும் மடிச்சு வைக்கப் பண்ணிப்போட்டாய். ஊருக்கு முன்னாலை இந்தக் கோலத்திலை இருந்தனான்."

அவ்வளவுதான் அவருடைய ஏச்சு. பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"நான் கையெழுத்து வைச்சனான் பிள்ளை."

"தெரியும் அப்பா."

"பேனையைத் தந்தவர், வாங்கி வைச்சுப்போட்டன். ஏன் வைச்சனெண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது. நீ மாத்தி எழுதியிருக்கிறாய்."

"ஓம் அப்பா. நடந்ததை அப்பிடியே எழுதத்தான் இருந்தனான். கை வரேல்லை. அருளம்பலம் வைக்கமாட்டார் எண்டு பட்டது."

சுபாஸ்கரன் தலையாட்டினார். "நீ எழுதினதுதான் சரி. நான் செய்ததுதான் பிழை."

இதைவிட ஒரு பாராட்டை வேணுஜா எந்த மேடையிலும் கேட்கப் போவதில்லை. பரமேஸ்வரிக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடமாக இந்த மனிதர் அந்தப் படிவத்தைச் சுமந்துகொண்டு வயலுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அடுத்த கிழமை என்ன நடக்குது?" என்று கேட்டார் அவர்.

"இன்னும் எழுதேல்லை."

"சனம் கேக்கும். அந்தப் பெடியன் வருவானோ மாட்டானோ எண்டு உள்ளை இருக்கிறவை இப்பவே கதைக்கினம்."

"நீங்கள் சொல்லுங்கோ அப்பா. வரட்டுமோ?"

"என்னைக் கேட்டு என்ன? அவனைக் கேள்." அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேக்காமல் எழுதுறது எங்கட வீட்டுப் பழக்கமாப் போச்சு. அவனையெண்டாலும் கேட்டுப்போட்டு எழுது."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேணுஜா அவசர அவசரமாகக் கைத்தொலைபேசியை எடுத்தாள். பதற்றத்தில் அண்ணனின் பெயர் அகப்படவில்லை. இன்னொரு பெயரை அழுத்திவிட்டு நிறுத்தினாள், திரும்பத் தேடினாள்.

"தேடாதை" என்றார் சுபாஸ்கரன். "நான் சொல்லுறன், அடி."

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். இந்திய இலக்கம். ஒன்பது, நாலு, நாலு என்று தொடங்கிப் பத்து இலக்கமும், ஒரு இடத்தில்கூட நில்லாமல், வாய்க்காலில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"உங்களுக்கு எப்பிடி..." என்று தொடங்கினாள் பரமேஸ்வரி.

"நான்தான் அந்தச் சிம்மை வாங்கிக் குடுத்தனான். அவன் மாத்தேல்லை. அப்பப்ப அடிச்சுப் பாக்கிறனான். அவன் எடுத்தவுடனை வைச்சுப்போடுவன்."

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒரு தரம். இரண்டு தரம். வேணுஜா தொலைபேசியைக் காதில் வைக்கப் போனாள். சுபாஸ்கரன் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு நீட்டினார்.

"இஞ்சை தா. நான் கதைக்கிறன்."